காட்டில் படுத்த இரவுகள்: கிழக்கிலங்கையில் கூமுனை, லகுகலை, கல்லோயாக் காட்டுப் பக்கம் சின்ன வயதில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஆரையம்பதியான்

போன மாதம் மனைவியின் தம்பி குடும்பத்தோடு சுவிஸிலிருந்து வந்திருந்தான். பிள்ளைகளுக்குக் காடு காட்ட வேண்டும், கூமுனையில் கேம்பிங் போவோம் என்று ஒரே பிடி. சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டில் அம்மாவிடம் சொன்னேன், "ரெண்டு நாளைக்குக் கேம்புக்குப் போறம்." அம்மாவுக்கு 82 வயது. கையிலிருந்த சுளகை அப்படியே கீழே வைத்துவிட்டு, "எந்தக் கேம்ப் மனே? ஆரப் புடிச்ச?" என்று கேட்டார். எங்கள் ஊரில் கேம்ப் என்றால் ஒன்று ஆமிக் கேம்ப், இல்லாவிட்டால் அகதிக் கேம்ப். காசு கொடுத்துப் போய்ப் படுக்கிற கேம்ப் என்று மூன்றாவது ஒன்று இருப்பதை விளங்கவைக்க அரை மணித்தியாலம் போனது. விளங்கிய பிறகும், "ஊட்டுல கட்டில் கிடக்க அங்க போய் ஏன் படுக்கிற?" என்றுதான் கேட்டார்.

சரி, போனோம். கும்புக்கன் ஆற்றங்கரை, மருத மரங்களுக்குக் கீழே கூடாரம், சிப் வைத்த கதவு, உள்ளே மெத்தை, தலையணை. சமையல்காரர் ஒருவர். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சூப் வேறு. குறை சொல்லவில்லை, சூப் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளைகள் படுத்த பிறகு நான் மணலில் வந்து இருந்தேன். அப்போதுதான் மண்டையில் ஏறியது, இதே ஆற்று மணலில் நான் ஒன்பது வயதில் படுத்திருக்கிறேன். 1979. கதிர்காமத்துக்கு நடந்து போன வருசம்.

78 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது இங்கே பலருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டுக் கூரை போனது, வளவுத் தென்னைகளில் மூன்று தவிர மிச்சம் எல்லாம் படுத்துவிட்டன. அம்மம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, தான் குறுக்கே கிடந்துகொண்டு நேர்த்தி வைத்தார், பிள்ளைகள் தப்பினால் நடந்து வருகிறேன் என்று. தப்பிய பிள்ளைகளில் நான் மூத்தவன், அதனால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். திருக்கோவில் வரை பஸ், அங்கிருந்து நடை. பொத்துவில், பாணமை, உகந்தை. உகந்தை மலைச் சுனையில் குளித்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கினால் கூமுனை, ஆற்றைக் கடந்து நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம், அப்புறம் கதிர்காமம். ஐந்து இரவு காட்டில்.

கூடாரம் எது? நெல் காயப்போடுகிற படங்கு ஒன்று, பன்பாய் இரண்டு, ஒரு அரிக்கன் லாம்பு. அதிலும் மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று திரியைக் குறைத்தே வைப்பார்கள். பிள்ளைகள் நடுவில், பெண்கள் சுற்றி, ஆம்பிளைகள் வெளியே, அதற்கும் வெளியே நாலு பக்கமும் நெருப்பு. இரவில் ஆனையை ஆனை என்று சொல்லக் கூடாது, பிள்ளையார் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுவாராம். படுக்கும்போது அம்மம்மா தன் சீலைத் தலைப்பை என் கணுக்காலில் கட்டிக்கொள்வார். தூக்கத்தில் எழும்பி நடக்கிற பழக்கம் எனக்கு இருந்தது.

ஆடிக்கு முன்னால் கும்புக்கன் ஆறு ஓரளவு காய்ந்துவிடும். மணலில் சிரட்டையால் ஊற்றுத் தோண்டுவோம். முதலில் ஊறுகிற தண்ணீர் பால் மாதிரிக் கலங்கி இருக்கும், அதை அள்ளி எறிய வேண்டும். இரண்டாவதும் எறிய வேண்டும். மூன்றாவது ஊறும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். தாகத்தில் அந்த மூன்றாவது ஊற்றுக்குக் காத்திருந்த நேரம் மாதிரி நீளமான நேரம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

உங்களிடமும் இருக்கும். எழுதுங்கள். கதிர்காமப் பாதைதான் என்று இல்லை, குடும்பத்தோடு காட்டில் தங்கிய எதுவானாலும் சரி.

பொத்துவில் மச்சான்

என்ன சூப் அண்ணன்? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

கல்லாற்று அக்கா

எனக்கு 1982. பதினொரு வயது. பெண்பிள்ளைகளை அந்த வயதோடு கூட்டிப்போவதை நிறுத்திவிடுவார்கள், நான் கடைசி வண்டியைப் பிடித்த மாதிரி.

ஆரையம்பதித் தம்பி தண்ணீரைச் சொன்னீர்கள், நான் பாலைப்பழம் சொல்கிறேன். நடை தொடங்குகிற காலமும் பாலை பழுக்கிற காலமும் ஒன்று. மஞ்சள் மஞ்சளாக மரத்துக்குக் கீழே கொட்டிக் கிடக்கும். பசியில் அள்ளி அள்ளித் தின்றோம். அதன் பால் உதட்டில் ஒட்டிக் காய்ந்துவிடும், வாயைத் திறக்க முடியாது, பேசப் போனால் தோல் இழுக்கும். அம்மா தேங்காயெண்ணெய் தடவித் தடவி எடுத்தார். எடுக்கும்போது "வாய் ஒட்டிக் கிடந்தாலாவது கொஞ்ச நேரம் சத்தமில்லாம இருப்பா" என்று பெரியம்மா சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது.

பாலைப்பழம் என்றால் கரடி. கரடிக்கும் அதுதான் திருவிழா. நாவலடிக்குப் போகிற வழியில் பொழுது சாய்கிற நேரம், முன்னால் வேல் கொண்டு போன பெரியசாமி கையைத் தூக்கி நிறுத்திவிட்டார். நாற்பது பேர் அப்படியே நின்றோம். பாதை ஓரத்துப் பாலை மரத்தில், இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே, கறுப்பாக ஒன்று இருந்து கொப்பை வளைத்துத் தின்றுகொண்டிருக்கிறது. உறிஞ்சுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது, ஒரு கிழவர் சூடான தேத்தண்ணி குடிப்பது மாதிரி. ஒருவரும் மூச்சுவிடவில்லை. என் தம்பிக்கு ஆறு வயது, அவனுக்கு என்ன வந்ததோ, பாட்டனார் தோளில் இருந்துகொண்டு "அரோகரா!" என்று ஒரு கத்துக் கத்தினான். பழக்க தோசம் பாருங்கள், நாற்பது பேரும் திருப்பி "அரோகரா" என்று கத்திவிட்டோம்! கரடி பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு இறங்கியது. பட்டையை நகத்தால் கிழித்துக்கொண்டு சர் என்று வந்து விழுந்து, எங்களைப் பார்க்கவும் இல்லை, காட்டுக்குள் ஓடிவிட்டது. பெரியசாமி திரும்பி, "ஆர் கத்தின?" என்றார். எல்லாரும் தம்பியைக் காட்டினோம். அவர் நெற்றியில் திருநீற்றைப் பூசிவிட்டு, அதே கையால் ஒரு குட்டும் போட்டார்.

காலையில் அந்த வழியால் திரும்பிப் போகவில்லை, ஆனால் எனக்கு அந்த மரத்துப் பட்டையை ஒருக்கால் தொட்டுப் பார்க்க ஆசையாகவே இருந்தது. இப்போதும்தான்.

காட்டுப்பூனை

மன்னிக்க வேண்டும், எல்லாரும் இனிமையாக எழுதும்போது நான் உப்புப் போடுகிறேன்.

இதெல்லாம் நாற்பது பேர் போன காலத்துக் கதை. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் போகிறார்கள். போன வருசம் பாதை மூடிய பிறகு துப்புரவு செய்யப் போனவர்களில் நானும் ஒருவன். சம்போ பைக்கற், யோகட் கப், பிஸ்கட் உறை, தண்ணீர்ப் போத்தல். கற்பூரம் வாங்கிய பிளாஸ்டிக் டப்பியைக்கூட ஆற்று மணலில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், புதைத்தால் புண்ணியம் என்ற மாதிரி. ஆனை லத்தி ஒன்றைக் கம்பால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே லஞ்ச் சீற் அப்படியே மடிப்புக் கலையாமல் இருந்தது. லஞ்ச் சீற் தெரியும்தானே, சோறு கட்டுகிற பொலித்தீன்.

ஒரு தேசியப் பூங்காவுக்குள் நெருப்பு மூட்டிச் சமைத்து, கத்திக் கரடியை மரத்திலிருந்து விழுத்தி, அதை வீரக் கதையாகச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்கா, குறையாக எடுக்காதீர்கள்.

கல்லாற்று அக்கா

குறையாக எடுக்கவில்லை தம்பி. ஆனால் கரடி விழவில்லை, இறங்கியது. எழுதியதைச் சரியாக வாசியுங்கள்.

ஆரையம்பதியான்

காட்டுப்பூனை, குப்பை விசயத்தில் உங்களோடு சண்டையில்லை. நான் போன மாதம் பார்த்ததையும் சொல்கிறேன், கூடாரக்காரர்கள் குப்பையை மூட்டை கட்டி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நடைக்காரர்கள் அந்த ஒழுங்கைப் பழக வேண்டும்.

ஆனால் "தேசியப் பூங்காவுக்குள்" என்றீர்களே, அது முழுதாகச் சரியில்லை. கூமுனை வில்லுப் பகுதியை, வில்லு என்றால் ஆழமில்லாத நீர்நிலை, பறவைகள் சரணாலயம் ஆக்கியது 1938 இல். 1970 இல்தான் அந்தப் பக்கம் யால கிழக்கு என்ற பெயரில் தேசியப் பூங்கா ஆனது, குமண என்று பெயர் மாற்றியது 2006 இல். எங்கள் கிழவர்கள் நடக்கத் தொடங்கியது இதெல்லாவற்றுக்கும் முன்னால். பாதை இருந்த இடத்துக்குத்தான் பூங்கா வந்தது. அதற்காகக் கண்டதையும் செய்யலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அம்மம்மா காலத்தில் குப்பை போட ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான் உண்மை. கட்டுச்சோறு வாழையிலையில், பொரிமா துணிப்பையில், தண்ணீர் சுரைக்குடுவையில். நல்ல பழக்கம் என்று இல்லை, வேறு சாமான் கையில் கிடையாது.

வில்லு என்றதும் ஞாபகம் வருகிறது. நாங்கள் போன நேரம் அங்கே கூடு கட்டுகிற காலம் முடிகிற தறுவாய். கூழைக்கடா, நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் ஒரே மரத்தில் மாடி மாடியாக. பார்க்க அழகு, மணம்தான் தாங்க முடியாது. கருவாட்டுக் கடையை வெயிலில் திறந்து வைத்த மாதிரி. நேர்த்தி நாட்களில் மச்ச மாமிசம் தின்னாமல் இருந்த சாமிமார் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு அரோகரா சொன்னார்கள்.

அக்கரைப்பற்றுக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். நீங்கள் நேர்த்திக்குப் போனீர்கள், நாங்கள் தின்னப் போனோம். பரவாயில்லையென்றால் எழுதுகிறேன்.

எங்கள் வாப்பாவுக்குப் பொத்துவில் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. அறுவடை முடிந்து நெல் விற்றதும் வருசத்துக்கு ஒருமுறை குடும்பத்தை மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு லகுகலைக் குளத்துக்குப் போவார். மெசின் என்றால் டிரக்டர், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். உம்மா, மூத்தம்மா, ராத்தா, நாங்கள் பொடியன்கள் ஆறு பேர், எல்லாரும் சுற்றி இருந்து தின்கிற சவன் தட்டு ஒன்று, ஒரு பெரிய தேக்சா, உயிரோடு இரண்டு சேவல். லகுகலை 1980 இல் தேசியப் பூங்கா ஆன இடம். நாட்டிலுள்ள சின்னப் பூங்காக்களில் ஒன்று, 1,554 ஹெக்டயர்தான், ஆனால் பொத்துவில் மொனராகலை றோட்டிலேயே நின்று ஆனை பார்க்கலாம். குளத்துக்குள் ஆள் உயரத்துக்குப் புல் வளரும். பேரு புல் என்று சிங்களத்தில் சொல்வார்கள். கோடையில் மற்ற இடமெல்லாம் காய்ந்தாலும் அங்கே பச்சை நிற்கும், அதனால்தான் ஆனை கூடுகிறது.

அந்த வருசம் எனக்கு எட்டு வயது. சமைத்து, சவனைச் சுற்றி இருந்து தின்று, தொழுது, எல்லாம் முடிந்து வெளிக்கிடப் பார்த்தால் மெசின் ஸ்டார்ட் ஆகவில்லை. வாப்பா சுற்றினார், மாமா சுற்றினார், ராத்தாவின் மாப்பிள்ளை சேட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுற்றினார். அவர் புது மாப்பிள்ளை, எப்படியாவது ஸ்டார்ட் ஆக்கிக் காட்ட வேண்டும் என்று பாவம். மஃரிப் ஆகிவிட்டது. பக்கத்தில் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்கிறவர் ஒருவர், சிங்கள மனிசன், வந்து பார்த்துவிட்டு, இந்த நேரத்தில் இங்கே நிற்க வேண்டாம் என்று கூட்டிப்போய்த் தன் காவல் பரணில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவிட்டார். ஆம்பிளைகள் கீழே நெருப்பு.

பரணில் இருந்து நிலா வெளிச்சத்தில் பார்த்தேன். புல்லுக்கு மேலே முதுகுகள் மட்டும் தெரிந்தன, தண்ணீரில் பாறை மாதிரி. அசைந்தால்தான் ஆனை என்று தெரியும். ஆனால் எனக்கு மறக்காதது சத்தம்தான். ஒரு கொத்துப் புல்லைத் தும்பிக்கையால் சுற்றி இழுத்தால் 'சரக்' என்று வேரோடு வரும். உடனே வாயில் வைக்காது. முன்னங்காலில் பட், பட் என்று இரண்டு மூன்று அடி அடித்து வேரிலுள்ள மண்ணை உதறிவிட்டுத்தான் தின்னும். சரக், பட், பட். சரக், பட், பட். இரவு முழுக்க இதுதான். மூத்தம்மா தஸ்பீஹ் எண்ணிக்கொண்டே, "பாருங்க புள்ளயள், ஆனையே கழுவித் தின்னுது, நீங்க கை கழுவாமச் சோத்துல கை வைக்கிற" என்று எங்களைப் பேசினார். அந்த நேரத்திலும்!

காலையில் மெசின் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆனது. சுற்றியது எட்டு வயது நான். புது மாப்பிள்ளை மச்சான் இன்றைக்கும் என்னோடு அதைப் பற்றிப் பேசமாட்டார்.

பொத்துவில் மச்சான்

காக்கா, அந்த மச்சான் யார் என்று எனக்குத் தெரியும். இந்த இழையை அவருக்கு அனுப்புகிறேன்.

அக்கரைப்பற்றுக் காக்கா

அல்லாவுக்காக வேண்டாம்.

இங்கினியாகலைப் பொடியன்

கல்லோயாவை யாரும் தொடவில்லை. அம்பாறை மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை விட்டால் சரியில்லை. என் கதை கேம்பிங் என்று சொல்ல வெட்கம், ஏனென்றால் நாங்கள் படுத்தது அப்பாவின் கூட்டாளியின் குவாட்டர்ஸ் முற்றத்தில். ஆனால் பகல் முழுக்கச் சேனநாயக்க சமுத்திரத்தில்.

அப்பாவுக்கு அம்பாறையில் கந்தோர் வேலை, எண்பதுகளின் தொடக்கம். கல்லோயா என்று எல்லாரும் சொல்கிற ஆற்றுக்குப் பட்டிப்பளை ஆறு என்றுதான் எங்கள் அப்பப்பா கடைசிவரை பெயர் சொன்னார். இங்கினியாகலையில் அதை மறித்து அணை கட்டினார்கள், அந்த நீரேந்து காட்டைப் பாதுகாக்க 1954 பெப்ரவரியில் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், 25,900 ஹெக்டயர். மற்றப் பூங்காக்களில் ஜீப்பில் போவார்கள், இங்கே படகு. தண்ணீருக்குள் மூழ்கிய காட்டு மரங்களின் மொட்டைக் கொப்புகள் அப்போதும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு.

அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். படகின் நடுப் பலகையில் இருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். ஒரு தீவுக்கும் இன்னொரு தீவுக்கும் நடுவில் படகோட்டி இயந்திரத்தை நிற்பாட்டினார். கறுப்பாக ஒரு குழாய் தண்ணீருக்கு வெளியே வளைந்துகொண்டு வருகிறது, பின்னால் ஒரு மொட்டைத் தலை, கொஞ்சம் தள்ளிச் சின்னக் குழாய் ஒன்று. தாயும் குட்டியும் நீந்திக் கடக்கின்றன. சத்தமே இல்லை. குட்டி தாயின் முதுகில் தும்பிக்கையைப் போட்டுப் போட்டு எடுக்கிறது. நான் அம்மாவைத் தட்டி, "கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க" என்று சொல்லச் சொல்ல, அம்மா "நீ பார்த்துச் சொல்லு, நான் கேக்கன்" என்றார். அதனால் நான் சொன்னேன். எங்கே வருகிறது, எவ்வளவு தூரம், குட்டி என்ன செய்கிறது, கரை ஏறிவிட்டதா, எல்லாம். கரை ஏறியதும் தாய் நின்று குட்டிக்காகக் காத்திருந்ததைச் சொன்ன இடத்தில் அம்மா கண்ணைத் திறந்தார், அதற்குள் இரண்டும் மரங்களுக்குள் போய்விட்டன.

அம்மா பிறகு ஊரில் எல்லாருக்கும் அந்தக் கதையைத் தான் பார்த்த மாதிரியே சொல்வார். நான் திருத்தவில்லை.

தேற்றாத்தீவுத் தம்பி

வயதில் சின்னவன் நான். எழுதலாமா?

2014 இல் அப்பாவோடு நடந்தேன், எனக்குப் பத்து வயது. அப்பா தன் பதினாறாவது வயதில், 1984 இல் நடந்தவர். 85 இல் சண்டையால் கூமுனைப் பூங்காவை மூடிவிட்டார்கள், 2003 இல்தான் திறந்தார்கள் என்பதெல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். முப்பது வருசம் கழித்துப் போகிறார். வழி முழுக்க ஒரே பெருமை, "எனக்குத் தெரியாத மூலை இந்தக் காட்டில் இல்லை." வியாழைக்கு முன்னால் ஒரு இடத்தில், இன்னும் அரைக் கட்டையில், அதாவது அரை மைலில், தண்ணீர் தேங்குகிற குண்டு ஒன்று இருக்கிறது, போத்தலில் உள்ளதை எல்லாரும் குடித்து முடியுங்கள், சுமை குறையும் என்றார். எங்களோடு வந்த பன்னிரண்டு பேரும் நம்பிக் குடித்து முடித்தோம். அரைக் கட்டை போனோம். ஒரு கட்டை போனோம். குண்டு இருந்தது. தண்ணீர்தான் இல்லை. அடியில் சேறு வெடித்து, தட்டுத் தட்டாகக் காய்ந்து கிடந்தது. அப்பா கரையில் நின்று, யாரோ களவெடுத்துக்கொண்டு போன மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஒரு சொல் சொல்லவில்லை, அதுதான் பயங்கரம்.

கடைசியில் தண்ணீர் வண்டி, பவுசர், நிற்கிற இடம்வரை நாக்கு ஒட்ட நடந்தோம். அங்கே படையினர் தண்ணீர் ஊற்றினார்கள். அப்பா கடைசி ஆளாகத்தான் போத்தலை நீட்டினார்.

உண்ணியைப் பற்றி யாரும் எழுதவில்லையே? மிளகு அளவுகூட இல்லை, கடித்த இடம் ஊருக்கு வந்து ஒரு மாதம் கடித்தது. தேசிக்காயைத் தேய்த்தால் வராது என்றார்கள். வந்தது.

காட்டுப்பூனை

நேற்று எழுதியதில் காரம் கூடிவிட்டது என்று தெரிகிறது. எல்லாரும் எழுதுவதை வாசித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன், குப்பை மட்டும் இல்லை.

நான் 86 இல் பிறந்தவன், படுவான்கரை. எங்களுக்குக் காடு வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. ஆனால் போகக்கூடாத இடம். விறகுக்குப் போனவர் திரும்பவில்லை, மாடு பார்க்கப் போனவர் திரும்பவில்லை, இந்தக் கதைகள்தான் எங்களுக்குக் காட்டுக் கதைகள். கரடிக்கோ ஆனைக்கோ பயந்த ஞாபகம் எனக்கு இல்லை. கேம்ப் என்றதும் ஆரையம்பதி அண்ணரின் அம்மா கேட்டாரே, "ஆரப் புடிச்ச?" என்று, அதை வாசித்துச் சிரித்தேன், பிறகு சிரிக்கவில்லை.

படங்கு விரித்துக் காட்டில் நானும் படுத்திருக்கிறேன். 1990, சண்டை நேரம். நாலு வயது. ஊரே கிளம்பிப் போய்க் கிடந்தது. நெருப்பு மூட்டக் கூடாது, புகை தெரியும். லாம்பு கிடையாது. பிள்ளைகள் அழக் கூடாது. உங்கள் கதையெல்லாவற்றிலும் நெருப்பு இருக்கிறது, கவனித்தீர்களா? நாலு பக்கமும் நெருப்பு. எங்களுக்கு அது இல்லை. அம்மா என் வாயில் சீனி போட்டுக்கொண்டே இருந்தாராம், அழாமல் இருக்க. எனக்கு ஞாபகம் இருப்பது சீனி மட்டும்தான்.

காட்டைக் காடாக நான் பார்த்தது 24 வயதில், கூட்டாளியோடு லகுகலையில். காக்கா சொன்ன அந்தச் சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன், சரக், பட், பட். அதன் பிறகுதான் இந்த வேலையெல்லாம் பழகினேன், பறவை எண்ணப் போவது, குப்பை பொறுக்கப் போவது. பிந்திக் கிடைத்த சாமான், அதனால் யாராவது பழுதாக்கினால் கை பதறுகிறது. அவ்வளவுதான். அக்காவிடம் கரடி விசயத்துக்கு மன்னிப்பு.

கல்லாற்று அக்கா

மன்னிப்பு ஒன்றும் வேண்டாம் தம்பி. அடுத்த துப்புரவுக்குப் போகும்போது சொல்லுங்கள், நானும் வருகிறேன், முழங்கால் நோதான், குனிய முடியாது, சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அந்த 90 இல் நாங்களும் ஒரு கிழமை காட்டில்தான். அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை பாருங்கள்.

ஆரையம்பதித் தம்பி, உங்களிடம் ஒரு கேள்வி, நேற்றிலிருந்து கேட்க நினைத்து விட்டுவிட்டேன். அம்மம்மா சீலைத் தலைப்பைக் காலில் கட்டினாரே, இரவில் ஒன்றுக்கு வந்தால் என்ன செய்தீர்கள்?

ஆரையம்பதியான்

காட்டுப்பூனை, வாசித்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் எழுதாமல் விடுகிறேன். சாக்கு என் கணக்கில் இருபது.

அக்காவின் கேள்விக்கு: காலை இரண்டு தரம் இழுக்க வேண்டும், அதுதான் எங்கள் ஒப்பந்தம். இழுத்தால் லாம்பைத் தூக்கிக்கொண்டு கூட வருவார், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார், நின்றுகொண்டே திருப்புகழ் முணுமுணுப்பார். அது என்னை வெட்கப்படாமல் வைக்கவா, இல்லை அவருக்கே பயமா, அந்த வயதில் விளங்கவில்லை.

மூன்றாம் இரவு எனக்கு ரோசம் வந்துவிட்டது. மற்றப் பொடியன்கள் 'கன்றுக்குட்டி' என்று கேலி பண்ணினார்கள். அம்மம்மா கண் அயர்ந்ததும் முடிச்சை அவிழ்த்துவிட்டேன், நெருப்புப் பக்கம் போய்ப் பெரியவர்களோடு கொஞ்ச நேரம் இருந்தேன், பிறகு வந்து படுத்தேன், ஆம்பிளை ஆகிவிட்ட மாதிரி. விடிய எழும்பிப் பார்த்தால் கால் கட்டிக் கிடக்கிறது. இந்த முறை இரட்டை முடிச்சு. அவர் தேத்தண்ணி தந்தார், ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தேற்றாத்தீவுத் தம்பி

துப்புரவுக்கு நானும் அப்பாவும் வருகிறோம். தண்ணீர் நாங்கள் கொண்டுவருகிறோம், அப்பாவைக் கேட்டு அல்ல.

அக்கரைப்பற்றுக் காக்கா

மெசின் என் பொறுப்பு. பெட்டியோடு வரும். புது மாப்பிள்ளை மச்சானையும் கூட்டி வருகிறேன், இப்போது அவருக்குப் பேரப்பிள்ளை நாலு.

பொத்துவில் மச்சான்

நான் பொத்துவில் சந்தியில் நிற்பேன். திகதியைப் போடுங்கள். காட்டுப்பூனை, லஞ்ச் சீற்றில் சோறு கட்ட மாட்டோம், வாழையிலை நான் வெட்டி வைக்கிறேன். ஆரையம்பதி அண்ணன், என்ன சூப் என்று இன்னும் சொல்லவில்லை.

ஆரையம்பதியான்

பூசணி.